டிக்கெட்டில் இல்லாத ஊர்

ஆகஸ்ட் 12, 2014 – செவ்வாய்

பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். இந்த நோட்டின் முன்பக்கங்கள் பால் கணக்கு. பின்பக்கங்கள் இனி யாத்திரைக்கு.

ஏலச்சீட்டுப் பணம் நேற்று கைக்கு வந்தது. நாற்பத்திரண்டாயிரம். அவர் தறிப்பட்டறை மேஸ்திரி வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. "ஒருக்கா காசிக்குப் போயிட்டு வந்தர்லாம் புள்ள" என்று அவராகவேதான் சொன்னார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவராக ஓர் ஊருக்குக் கூப்பிட்டது இது முதல் தடவை.

ஈரோட்டில் விசாரித்து வந்திருக்கிறார். சுற்றுப்பயண டிக்கெட் என்று ஒன்று உண்டாம். கிளம்பிய ஊருக்கே திரும்பி வர வேண்டும். வழியில் எட்டு ஊரில் இறங்கி ஏறலாம். தனித்தனியாக எடுப்பதைவிட மிகவும் மலிவு. எந்த எட்டு ஊர் என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மகன் சென்னியின் பள்ளிக்கூட மேப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். நான் எழுத்துப் படித்ததே அவன் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான். அவன் சிலேட்டில் எழுத எழுத நானும் எழுதுவேன். ஊர்களுக்குப் பென்சிலில் புள்ளி வைத்தேன்.

கட்னி, அலகாபாத், காசி, கயா, அயோத்தி, ஹரித்துவார், மதுரா, உஜ்ஜயினி.

கட்னி காசிக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. ரயில் அங்கே எப்படியும் நிற்கும். அதனால் எழுதினேன். கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால் பட்டியலில் கட்னியை அடித்திருக்கிறார். பேனாவால் இரண்டு கோடு.

"எதுக்குங்க அடிச்சீங்க?"

"அங்க என்ன, கோயிலா கொளமா? வெறும் ஜங்ஷன்."

"ரயில் அங்கன நின்னுதான போகுது. எறங்குனா ஒரு ரூவா சேத்திக் கேக்க மாட்டாங்க."

"ரூம் வாடக?"

"ஸ்டேசன்லயே மூஞ்சி கழுவிக்கலாம். ஒரு எட்டு போயி அந்த எடத்தப் பாத்துட்டு, சாயங்கால வண்டிக்கு ஏறிக்கலாமுங்க."

"வேண்டாம் புள்ள" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

அவருக்கு அந்த ஊரை மறுபடி பார்க்கத் தாங்காது. எனக்குப் புரியாமல் இல்லை. 2008 வைகாசியில் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் சென்னி போனான். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வேலை. ராடு கழட்டும்போது சங்கிலி அறுந்து அவன் மேல் விழுந்தது. வயது இருபத்திரண்டு. வெயிலில் உடம்பு தாங்காது, ஊருக்குக் கொண்டுவர மூன்று நாள் ஆகும் என்று போனில் சொன்னார்கள். அன்றைக்கே அவர் மட்டும் ரயிலேறிப் போய், அங்கேயே எல்லாம் முடித்து, பதினோராம் நாள் அஸ்திக் கலயத்தோடு வந்தார்.

அவராவது பார்த்தார். நான் பார்க்கவில்லை. ஒரு நாள் போதும்.

ஆகஸ்ட் 17 – ஞாயிறு

டெல்லி வேண்டுமாம். கட்னி இருந்த இடத்தில் எழுதிவிட்டார். டெல்லியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பார்லிமெண்டு" என்றார். டிவியில் அது வந்தாலே சேனலை மாற்றுகிற ஆள்.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு

ருக்மணியக்கா பக்கத்து வீட்டிலிருந்து பிரண்டைத் துவையலோடு வந்தது. போன வருடம் காசிக்குப் போய் வந்த கெத்து இன்னும் இறங்கவில்லை.

"போர்வ ரெண்டு எடுத்துக்க தெய்வான. அங்கத்த குளுரு நம்மூரு குளுரில்ல. அப்பறம் காசில ஏதாச்சும் ஒண்ண விட்டுட்டு வரோணும், தெரியுமில்ல? நான் கத்திரிக்கா விட்டுட்டேன்."

"அண்ணன் என்னக்கா விட்டாரு?"

"காப்பிய விட்டுட்டேன்னாரு. இப்ப நாளைக்கு ஆறு டீ குடிக்கறாரு. விசுவநாதரையே ஏமாத்தற ஆளு."

வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் தறிச்சத்தம் கேட்டுக் காது மந்தமான ஆள், என்னவென்று எட்டிப் பார்த்தார். "நீங்க என்னத்தண்ணா விடப்போறீங்க?" என்று அக்கா அவரைக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. "உடறதுக்குத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஊருக்கு ஊர் செலவு பிரித்தேன்:
அலகாபாத் 1,500
காசி 5,000
கயா 2,000
அயோத்தி 1,800
ஹரித்துவார் 3,000
டெல்லி 2,500
மதுரா 1,700
உஜ்ஜயினி 2,500
ஆக 20,000. ரயிலுக்கு 9,000. மீதி 13,000 ஆபத்துக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

செப்டம்பர் 3 – புதன்

ஈரோடு போய் டிக்கெட் பாரம் வாங்கி வந்தோம். கவுண்டரில் இருந்த பெண் பொறுமைசாலி.

"எட்டே எட்டுதானா கண்ணு? ஒம்பது போட முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியாதும்மா. எட்டுக்கு மேல எங்க எறங்குனாலும் அந்த வண்டி, அந்த பெர்த்து போச்சு. அப்பறம் நீங்க தனியா எடுக்கோணும். ஒண்ணு சேத்தணும்னா ஒண்ணு எடுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். "உஜ்ஜயினிய எடுத்தர்லாமுங்க. மதுராவும் வேண்டாம்னா வேண்டாம். எனக்கு அந்த ஒண்ணு போதும்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "சாமி ஊர எடுத்துட்டு அங்க போயி என்ன பண்றது?" என்றார்.

"எந்த எடத்துல வெச்சு எரிச்சாங்கன்னு நீங்க காட்டுனாப் போதும். ஒரு சூடம் பொருத்திட்டு வந்தர்றேன்."

திருச்செங்கோடு வந்தது. மலையைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். வெகுநேரம் கும்பிட்டார்.

செப்டம்பர் 14 – ஞாயிறு

பரமசிவம் வந்தான். சென்னியோடு அதே வண்டியில் இருந்தவன். சங்ககிரிப் பக்கம் வீடு. வடக்கே மழை என்பதால் போர் வண்டிகள் ஊர் திரும்பியிருக்கின்றன. தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான். ஆறு வருடமாக இந்த வாசலை மிதிக்காதவன். அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.

"வரக்கூடாதுன்னு இல்லீங்கம்மா. மூஞ்சியக் காட்டத் தெகிரியம் இல்ல."

காப்பி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு அழுதான். நான் தேற்றினேன். பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா வந்து சேருவாங்க சேருவாங்கன்னு அஞ்சு நாளு பாத்தமுங்கம்மா. மொத நா சாயங்காலமே எரிச்சுப் போட்டோம், வெயிலு அப்பிடி. நாந்தான் கொள்ளி வெச்சேன். சாம்பல மட்டுமாச்சும் அப்பா கையில குடுத்தர்லாம்னு வெச்சிருந்தோம். வண்டிய ரீவா பக்கம் கொண்டுபோகச் சொல்லி முதலாளி ஒரே சத்தம். அப்பறம் ஊருக்கு வெளிய ஒரு பாலம் இருக்குதுங்க, அதுக்கு அடியில ஆத்துல நாங்களே கரைச்சுட்டோம். தப்பா நெனைக்காதீங்கம்மா. அப்பாவால வர முடியாமப் போச்சு, அவங்கள என்ன சொல்ல முடியும்."

போர் போட்ட கிராமத்தின் பெயரைக் கேட்டேன். மஜ்கேரா என்று பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தான்.

அவர் அரிசி மூட்டையோடு வருவதற்குள் அவன் போய்விட்டான். பத்திரிகை வந்த விவரம் மட்டும் சொன்னேன். மொய் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டார். ஐநூறு என்றேன்.

செப்டம்பர் 15 – திங்கள்

மாவாட்டினேன். இரண்டு படி. உப்புப் போட மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 16 – செவ்வாய்

அந்தக் கலயம் மஞ்சள் துணியில் கட்டியிருந்தது. பவானிக்குப் போகிற பஸ்ஸில் என் மடியில்தான் வைத்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கூடுதுறையில் கரைக்கும்போது கொஞ்சம் என் விரல் நகத்தில் தங்கியது. அதைக் கழுவ மனசில்லாமல் சாயங்காலம் வரை அப்படியே இருந்தேன்.

அது எதுவென்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்லத் தெரிந்த மனிதர் இல்லை. சொன்ன பிறகு இந்த வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து அவர் எப்படிச் சோறு தின்பார்?

செப்டம்பர் 23 – செவ்வாய், மகாளய அமாவாசை

வருடா வருடம் போல பவானி போனோம். ஐயர் பெயர் கேட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எள்ளும் தண்ணீரும் விடும்போது அவர் கை நடுங்கியது. ஆறு வருடமும் நடுங்கியதுதான். துக்கம் என்று நினைத்திருந்தேன்.

காரியம் முடிந்து எல்லோரும் கரையேறிவிட்டார்கள். அவர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தார். காசிக்கு ஏன் கூப்பிட்டார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. இங்கே செய்த பிழையை அங்கே கொண்டுபோய்ச் சொல்லிவிட நினைக்கிறார். விசுவநாதரிடம் சொல்லிவிடலாம். என்னிடம்தான் முடியவில்லை.

நான் ஒரு மாதமாக அந்த மனிதரைப் பிடித்து, இடத்தைக் காட்டு காட்டு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மையப்பா, என்னை மன்னி.

அக்டோபர் 8 – புதன்

பாரத்தை நிரப்பினோம். அவருக்கு மனசு இளகியிருக்க வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒனக்கு அவ்வளவு ஆசன்னா டெல்லிக்குப் பதிலா அத எழுதட்டா?" என்று கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். கேட்கும்போதே நெற்றியெல்லாம் வேர்வை.

"வேண்டாமுங்க. வெறும் ஜங்ஷன்தான" என்றேன். என் பட்டியலில் ஓரத்தில் எழுதி வைத்திருந்ததையும் நானே அடித்தேன். எட்டு ஊர் சரியாக இருக்கிறது.

பென்சிலில் அடித்தேன். பேனா எடுக்கவில்லை.

நவம்பர் 18 – செவ்வாய்

ஈரோட்டில் இரவு வண்டி. புளிசாதம், தட்டுவடை, இட்லி நாற்பது, மிளகாய்ப்பொடி. தகரப்பெட்டி ஒன்று, பை இரண்டு. பணத்தை எட்டுக் கவரில் போட்டு ஒவ்வொன்றின் மேலும் ஊர் பெயர் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அப்போதுதான் ஓர் ஊர்ப் பணம் இன்னோர் ஊருக்குப் போகாது. அலகாபாத்தில்தான் முதல் இறக்கம்.

நவம்பர் 20 – வியாழன்

இதைக் கட்னியில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஜபல்பூர் தாண்டியதிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நானும் ஜன்னலைப் பார்க்காமல் கந்தர் சஷ்டி சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே அந்த ஊரைத் தாண்டிவிடலாம் என்றுதான். பதினொன்றரைக்கு வண்டி நின்றது. "தண்ணி புடிச்சுட்டு வர்றேன்" என்று பாட்டிலோடு இறங்கினார்.

ஐந்து நிமிடம். வரவில்லை. எட்டிப் பார்த்தேன். குழாய்க்குப் போகவில்லை. ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டு பெஞ்சின் முன்னால் காலிப் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். விசில் அடித்தது. "ஏனுங்க! வண்டி கெளம்புது!" என்று கத்தினேன். அவர் காதில் விழுந்தது, திரும்பிப் பார்த்தார். ஆனால் கால் நகரவில்லை.

பெட்டியை இழுத்தேன். எதிர் சீட்டில் இருந்த வடநாட்டுக்காரர்கள் என்னவோ சொல்லித் தடுத்தார்கள், பிறகு அவர்களே பைகளை ஜன்னல் வழியாகத் தள்ளினார்கள். நான் கீழே குதித்தபோது வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. முழங்கை சிராய்ப்பு. அதை விடு.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நா இங்கதான் ஒக்காந்திருந்தேன் புள்ள. ரெண்டு நாளு. இந்த ஸ்டேசன உட்டு வெளியவே போகல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இட்டார்சில தண்ணி புடிக்க எறங்குனேன். வண்டி போயிருச்சு. பையி, துணி, போன் நம்பர் எழுதுன சீட்டு, எல்லாம் அதுலயே போயிருச்சு. வேற வண்டில ஏறுனேன், அது போபாலுக்குப் போகுது. ஒருத்தன் பேசறதும் புரியல. இங்க வந்து சேர்றப்ப ஆறாவது நாளு. கையில இருந்தது ஊர் பேரு ஒண்ணுதான். 'போர் வண்டி, போர் வண்டி'ன்னு போறவன் வாறவனையெல்லாம் கேட்டேன். எனக்கு என்ன தெரியும், எங்கன்னு போவேன்? வெறுங்கையோட வூட்டுக்கு வந்தா நீ செத்துருவேன்னு பட்டுச்சு. அந்தக் கலயத்துல இருந்தது..."

கையால் டீக்கடை அடுப்பைக் காட்டினார்.

"தெரியுமுங்க" என்றேன். "அது இல்லைன்னு தெரியும். பரமசிவம் சொன்னான்."

"எப்ப?"

"பத்திரிக வைக்க வந்தப்ப."

விரல் விட்டு எண்ணினார். இரண்டு மாதம். இரண்டு மாதமும் மூன்று வேளை அவருக்குப் பரிமாறியிருக்கிறேன். அதை எண்ணியிருப்பார் போல. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். போர்ட்டர்கள் வந்து பார்த்தார்கள். டீக்கடைக்காரர் இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, காசு வாங்காமல் போய்விட்டார்.

கடைசியில் நான்தான் சொன்னேன், "எந்திரிங்க. வெளிய போலாம். கேட்டுக் கேட்டுப் போனாத் தெரியாமயா போயிரும்."

லாட்ஜ் நாளைக்கு 350. அலகாபாத் கவரைப் பிரித்தேன்.

நவம்பர் 21 – வெள்ளி

ஊருக்கு வெளியே பாலம் மூன்று இருக்கிறது. மூன்றுக்கும் ஆட்டோவில் போனோம். எந்தப் பாலம் என்று பரமசிவத்துக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மூன்று இடத்திலும் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டார். ஐயர் இல்லை. மந்திரம் எனக்குத் தெரிந்த தேவாரந்தான். இந்தத் தடவை அவர் கை நடுங்கவில்லை.

அலகாபாத் முடிந்தது.

நவம்பர் 22 – சனி

அவருக்குக் காய்ச்சல். மாத்திரை, ரொட்டி, பால். "நாளைக்குக் காசிக்கு வண்டி இருக்குது, கேட்டு வெச்சிருக்கறேன்" என்றேன். "அவன் செத்த எடத்த நான் பாக்கோணும் புள்ள" என்றார். நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம். சரி என்றேன்.

மதுரா கவர்.

நவம்பர் 23 – ஞாயிறு

காய்ச்சல் விடவில்லை. டெல்லியை எடுத்து டாக்டருக்குக் கொடுத்தேன்.

நவம்பர் 24 – திங்கள்

காய்ச்சல் இறங்கியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நம் ஊர் ஆட்களுக்காகச் சங்ககிரிக்காரர் ஒருவர் மெஸ் நடத்துகிறார். போர் வண்டி ஆட்கள் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். மஜ்கேரா என்றதும், "அது முப்பது மைலுங்கக்கா, ஜீப்புதான்" என்றார். நாளைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். போக வர 1,600. அயோத்தி.

ஊருக்குத் திரும்ப டிக்கெட்டுக்குக் காசிப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். விசுவநாதர் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் பிள்ளை பெற்றவர்தான் அவரும்.

நவம்பர் 25 – செவ்வாய்

மஜ்கேரா சின்ன ஊர். நாற்பது வீடு இருக்கும். கடுகுச் செடி முழங்கால் உயரம். மெஸ்காரர் ஜீப் டிரைவரிடம் விவரம் சொல்லி அனுப்பியிருந்தார். டிரைவர் ஊராரிடம் இந்தியில் கேட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் மதராஸ்காரப் பையன் ஒருத்தன் போர் போடும்போது செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வயதான ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எந்த போர் என்பதில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்த வருடம் பஞ்சமாம். அந்த ஒரு மாதத்தில் நான்கு போர் போட்டிருக்கிறார்கள். நான்கிலும் கைப்பம்பு வைத்திருக்கிறது. நான்கிலும் இன்றுவரை தண்ணீர் வருகிறது.

பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒன்று என்றார்கள் சிலர். இல்லை, கோயில் மேட்டில்தான் என்றார்கள் சிலர். இரண்டு பேர் சண்டைக்கே போய்விட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் முதல் பம்புக்கு நடந்தார். அடித்தார். தண்ணீர் வந்தது. கையேந்திக் குடித்தார். என்னையும் குடிக்கச் சொன்னார்.

கோயில் மேட்டுக்குப் போனோம். அங்கேயும் குடித்தார். மூன்றாவது வயல் நடுவில். வரப்பு வழியாக என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார். ஊர்ப் பெண்கள் பின்னாலேயே வந்தார்கள்.

நான்காவது ஊர்க்கோடியில். கைப்பிடி கனமானது, காய்ச்சலில் கிடந்த உடம்பு. இரண்டு தரம் அழுத்தினார், முடியவில்லை. கைப்பிடியின் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு, "சென்னி, அப்பன் வந்துட்டேண்டா" என்றார்.

நான் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அடித்தேன். அவர் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார். போதும் என்று அவர் சொல்லும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன்.